செல்லப் பிராணிக்கு விடைகொடுக்கும்போது: மண்ணும் தண்ணீரும் கெடாமல் இருக்க

வீட்டில் வளர்ந்த நாயோ பூனையோ இறந்துபோகும் அன்று நிதானமாக யோசிக்க யாராலும் முடியாது. அழுகையும் அவசரமுமாக எதையோ செய்து முடிக்கிறோம். வாய்க்கால் கரை, கண்மாய் ஓரம், குப்பைமேடு என்று கிட்ட இருக்கும் இடத்தைக் கை தேடுகிறது. சித்தையன்கோட்டை வட்டாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இங்குள்ள வயலும் கிணறும் குடகனாற்றை நம்பியவை. மேலே ஆத்தூர்ப் பக்கம் உள்ள காமராஜர் அணை திண்டுக்கல் நகருக்கும் குடிநீர் தருகிறது. நாம் நேசித்த உயிரின் உடல் அந்தத் தண்ணீரைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதும் அந்த நேசத்தில் சேர்ந்ததுதான்.

வெளிநாடுகளில் செல்லப் பிராணிகளுக்கு நீர்த் தகனம் என்ற முறை பரவிவருகிறது. உடலை எஃகுக் கலத்தில் வைத்து, 95 பங்கு தண்ணீரும் 5 பங்கு காரமும் சேர்ந்த கரைசலைச் சூடாக்குகிறார்கள். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்தால் 18 முதல் 20 மணி நேரம் ஆகும். அழுத்தம் கொடுத்து 150 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் 4 முதல் 6 மணி நேரத்தில் முடிந்துவிடும். மண்ணுக்குள் பல மாதங்கள் நடக்கும் சிதைவு அங்கே சில மணி நேரத்தில் நடக்கிறது. திடமாக மிஞ்சுவது வெள்ளை எலும்பு மட்டும். அதைப் பொடித்து வீட்டாரிடம் தருகிறார்கள். புகை இல்லை, விறகு இல்லை.

விலங்குகளின் உடலை உரமாக்க 1888இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை இது. 1990களில் அங்கே ஆல்பனி மருத்துவக் கல்லூரியில், ஆய்வுக்கூட விலங்குகளின் உடலை அகற்ற இதற்கு நவீன இயந்திர வடிவம் கொடுத்தார்கள். 2021 டிசம்பரில் காலமான தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவுக்கும் இறுதிச் சடங்கு இந்த முறையில்தான் நடந்தது.

நம் பக்கம் கைக்கு எட்டுவது மண்ணும் எரிவாயுத் தகனமும்தான். மும்பை மாநகராட்சி 2023இல் மலாடில், குழாய் எரிவாயுவில் இயங்கும் தகனக் கூடத்தைச் சிறு பிராணிகளுக்காகத் திறந்தது. கோவையிலும் சீரநாயக்கன்பாளையத்தில் எரிவாயுத் தகன மேடை வந்துவிட்டது. எந்த வழியானாலும் கீழே உள்ளவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

1. இறந்துவிட்டதை முதலில் உறுதி செய்யுங்கள். மூச்சு, நெஞ்சுத் துடிப்பு, கண்ணின் அசைவு மூன்றையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அரசு கால்நடை மருந்தகத்தைக் கேளுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற எண்ணையும் வீட்டில் எழுதி வையுங்கள்.

2. இறப்புக்குக் காரணம் என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள். அடக்கம் செய்யும் விதமே இதைப் பொறுத்துத்தான் மாறும். வாயில் எச்சில் வழிந்து, காரணமின்றிக் கடித்து, தள்ளாடி இறந்த நாய் என்றால் வெறிநோயாக இருக்கலாம். 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்ச் சட்டத்தில் வெறிநோயும் அடைப்பானும் (ஆந்த்ராக்ஸ்) அறிவிக்க வேண்டிய நோய்கள். அந்த உடலை மருத்துவர் சொல்கிறபடிதான் அகற்ற வேண்டும்.

3. கையுறை போட்டுக்கொண்டு தூக்குங்கள். கையுறை இல்லையென்றால் நல்ல பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். எச்சில் பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். வெறிநோய்ச் சந்தேகம் இருந்து, கடியோ கீறலோ பட்டிருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

4. விறைப்பு ஏறும் முன் கால்களை மடக்கி, தூங்குவதுபோல் கிடத்துங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கிவிடும். வெயில் காலத்தில் நிழலில், ஐஸ் வைத்து, அன்றைக்கே அடக்கம் செய்வது நல்லது.

5. பழைய பருத்தி வேட்டி, சேலை அல்லது சணல் சாக்கில் சுற்றுங்கள். பெல்ட், சங்கிலி, மணி, நைலான் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நாளை நீர்த் தகனம் இங்கும் வந்து, அதற்குக் கொண்டுபோவதானால் கணக்கு வேறு. பட்டும் கம்பளியும் தோலும் புரதம், அதனால் காரத்தில் கரையும். பருத்தி கரையாது. அங்கே எதில் சுற்றலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

6. குழியை ஆழமாக வெட்டுங்கள். நாய்க்கு 4 அடி, பூனைக்கு 3 அடியாவது வேண்டும். உடலுக்கு மேல் இரண்டடி மண் நிற்க வேண்டும். தெருநாய் தோண்டாதபடி மேலே கனமான கல் பரப்புங்கள். காளையோ பசுவோ என்றால் ஜேசிபி பிடித்து வெட்டுவதுதான் வழி. கோயில் காளைக்கு மாலை போட்டு, ஊரே கூடி மரியாதை செய்து அடக்கம் செய்யும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த மரியாதை வீட்டுப் பிராணிக்கும் பொருந்தும்.

7. கிணறு, போர்வெல், வாய்க்கால், கண்மாய் இவற்றிலிருந்து நூறு அடிக்கு மேல் தள்ளி, மேடான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குழியில் ஊற்றுக் கண்டால் அந்த இடம் வேண்டாம், மூடிவிடுங்கள். சொந்த இடம் இல்லாதவர்கள் பேரூராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

8. குழந்தைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். “தூங்குது”, “ஊருக்குப் போயிருக்கு” என்றால் அவர்கள் காத்திருப்பார்கள். விருப்பப்பட்டால் ஒரு பிடி மண் போடச் சொல்லுங்கள். பாலும் பூவும் ஊதுவத்தியும் வைப்பது வீட்டாரின் மனத்துக்கு ஆறுதல் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

9. பார்வோ போன்ற தொற்றில் குட்டி இறந்திருந்தால் தட்டு, படுக்கை, கூண்டு எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலில் கழுவுங்கள். அந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் தங்கும். தடுப்பூசி முடிக்காத புதுக் குட்டியை அந்த இடத்தில் விடாதீர்கள்.

செய்யக்கூடாதவை

1. குடகனாற்றிலோ ராஜவாய்க்காலிலோ கண்மாயிலோ உடலைப் போடாதீர்கள். நீர்த் தகனம் மூடிய கலத்துக்குள், சூட்டாலும் காரத்தாலும் கிருமிகளை அழித்து நடப்பது. ஓடும் தண்ணீரில் உடலை விட்டால் கிருமி அப்படியே கீழே உள்ள ஊருக்குப் போகும். இந்த ஆற்றுத் தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்று ஊருக்கு ஊர் வழக்காடிய வட்டாரம் இது. அதை அசுத்தப்படுத்தும் உரிமை நம்மில் ஒருவருக்கும் கிடையாது.

2. காஸ்டிக் சோடா வாங்கி வீட்டிலேயே முயன்று பார்க்காதீர்கள். சின்னாளபட்டிச் சாயப்பட்டறையில் அந்தக் காரத்தோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். தண்ணீரில் போட்டதும் தானாகவே கொதிக்கும் பொருள் அது. அதற்கென்றே செய்த மூடிய கலமும் பயிற்சியும் இல்லாமல் நடக்கவே நடக்காது.

3. மூட்டை மூட்டையாக உப்புப் போட்டுப் புதைக்காதீர்கள். உப்பு அழுகலைத் தடுக்கும். திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் பச்சைத் தோலுக்கு உப்புத் தேய்ப்பது அதற்காகத்தான். உடல் மட்காமல் கிடக்கும், உப்பு மண்ணில் இறங்கும். தோல் கழிவால் உப்பேறிய கிணறுகளை இந்த மாவட்டம் போதுமான அளவு பார்த்துவிட்டது. சுண்ணாம்பும் நாற்றத்தைக் குறைக்குமே தவிர, மட்குவதை வேகப்படுத்தாது.

4. பிளாஸ்டிக் பையில் கட்டிப் புதைக்காதீர்கள். காற்றும் ஈரமும் நுண்ணுயிரும் உள்ளே போகாது. வருடக் கணக்கில் அப்படியே இருக்கும்.

5. டயர், மண்ணெண்ணெய் வைத்து எரிக்காதீர்கள். அரைகுறையாகத்தான் எரியும். அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் போகும்.

6. ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்த பிராணியை மேலாகப் புதைக்காதீர்கள். அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். தோண்டித் தின்னும் நாயும் காக்கையும் சாகக்கூடும்.

7. காரணம் தெரியாமல் திடீரென இறந்த ஆடு, மாட்டை அறுத்துப் பார்க்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள். அடைப்பான் நோயின் விதைக் கிருமி காற்றுப் பட்டதும் உருவாகி, பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

8. நீர்த் தகனம் என்று விளம்பரம் செய்யும் யாரையும் கேள்வி கேட்காமல் நம்பாதீர்கள். உடலைத் தனியாக வைப்பீர்களா, பலவற்றோடு சேர்த்தா? எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம்? கழிவு நீர் எங்கே போகிறது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். அந்த நீரில் கிருமி இருக்காது. ஆனால் காரத்தன்மையும் கரிமச் சத்தும் மிக அதிகம். காரத்தைத் தணித்து, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினால்தான் அது சுற்றுச்சூழலுக்கு நல்லது. திறந்த சாக்கடையில் விட்டால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பெயருக்கே அர்த்தமில்லை.

ஆத்தூர், சின்னாளபட்டி, சித்தையன்கோட்டை, செம்பட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொது இடம் தேவை. சுற்றுச்சுவரோடு ஓர் அடக்க நிலம் அல்லது எரிவாயுத் தகன மேடை, கழிவு நீருக்கு வழி கிடைத்தபின் நீர்த் தகன இயந்திரம் என்று படிப்படியாக வரலாம். மும்பையும் கோவையும் செய்ததை மாவட்டத் தலைநகரான திண்டுக்கல்லும் செய்ய முடியும். அடுத்த முறை வார்டு உறுப்பினர் வீட்டுக்கு வரும்போது சாலை, குடிநீரோடு இதையும் கேளுங்கள். எழுத்தில் மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.