வாங்கிய சரக்கைத் திருப்புவது: ஷரீஅத்தின் எல்லை என்ன?

தொழ விரும்புபவர் ஒளுவின் சட்டத்தைத் தெரிந்திருப்பது எப்படி அவசியமோ, அப்படியே கொடுக்கல் வாங்கலில் இறங்குபவர் அதன் சட்டத்தைத் தெரிந்திருப்பதும் அவசியமாகும். மார்க்கச் சட்டம் விளங்காதவர் நமது கடைவீதியில் விற்கக் கூடாது என்று கலீபா உமர் (ரலி) அவர்கள் கட்டளையிட்டதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். இன்று கடைவீதி கைபேசிக்குள் வந்துவிட்டது. வாங்குபவர் விற்பவரின் முகத்தைக் காண்பதில்லை. படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறார். சரக்கு வீடு தேடி வருகிறது. பிடிக்கவில்லையென்றால் இரண்டொரு பொத்தானைத் தட்டி, வந்த வழியே திருப்பி அனுப்பி விடுகிறார்.

இப்படித் திருப்புவது ஆகுமா? எப்போது ஆகும்? எப்போது அது பிறர் பொருளை அநியாயமாக உண்பதாகிவிடும்? நம் வீடுகளில் வாங்குவோரும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே தைத்தும் சேகரித்தும் இணையச் சந்தையில் விற்போரும் இருக்கிறார்கள். ஆகவே இரு தரப்பாரும் இதை விளங்கிக் கொள்வது கடமையாகும்.

விற்போரின் மனக்குறை

அமெரிக்காவில் 1995-ல் தொடங்கப்பட்ட ஈபே என்னும் இணையச் சந்தையை எடுத்துக் கொள்வோம். அங்கே ஒரு வியாபாரி, 'விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை' என்று அறிவித்திருக்கலாம். ஆனாலும், வந்த பொருள் விவரித்தபடி இல்லை என்று வாங்கியவர் 30 நாட்களுக்குள் முறையிட்டால், அந்த அறிவிப்பு செல்லாது. பணத்தைத் திருப்பித் தரவேண்டும். சரக்கு திரும்பி வரும் கூலியையும் வியாபாரியே ஏற்கவேண்டும். வாங்கியவர் வெறுமனே மனம் மாறித் திருப்பினாலோ, வியாபாரி இலவசமாகத் திருப்ப அனுமதித்திருந்தாலன்றி, கூலி வாங்கியவரைச் சேரும்.

இங்கேதான் ஷைத்தானுக்கு ஒரு வாசல் திறக்கிறது! மனம் மாறியவர் உண்மையைச் சொன்னால் கூலி கொடுக்க வேண்டும். 'விவரித்தபடி இல்லை' என்று பொய்யாகக் குறித்தால் கொடுக்க வேண்டியதில்லை. விற்போர் பலரின் ஆத்திரம் இதுதான். முன்பு வாங்கியவரைப் பற்றி விற்றவரும் குறை எழுத அங்கே வழியிருந்தது. குறை எழுதியவர்களைப் பழிவாங்கச் சில வியாபாரிகள் அதைப் பயன்படுத்தினர் என்பதால் 2008 மே மாதத்திலிருந்து அந்த வழியும் அடைக்கப்பட்டது. அதன்பின் வாங்கியவரின் சொல்லே ஓங்கி நிற்கிறது என்று வியாபாரிகள் குமுறுகிறார்கள்.

இந்தக் குமுறலின் கனத்தை ஒரு கணக்கால் விளங்கலாம். ஒரு சகோதரி புர்கா தைத்து 800 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். துணியும் தையலும் 650, அனுப்பு கூலி 80, மிச்சம் 70. அது திரும்பி வந்து, திரும்பும் கூலியும் அவர் தலையில் விழுந்தால் 160 ரூபாய் நஷ்டம். உடுத்திக் கறைப்படுத்தி அனுப்பியிருந்தால் அடக்கத்தோடு சேர்த்து 810 ரூபாய் போய்விடும். அந்த ஒரு நஷ்டத்தை ஈடுகட்ட அவர் இன்னும் 12 புர்கா விற்கவேண்டும்! வாங்கியவருக்கு அது ஒரு நிமிட வேலை. தைத்தவருக்கோ பல நாள் உழைப்பு.

நாட்டின் சட்டம்

நமது இந்திய நாட்டில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2020-ல் வெளியான இணைய வணிக விதிகளும் உள்ளன. பழுதான சரக்கைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது சட்டம். பழுது, குறைபாடு, விளம்பரத்துக்கு மாறான தன்மை, தாமதமாக வந்து சேருதல் ஆகியவற்றுக்காகத் திருப்பினால் இணைய வியாபாரி மறுக்க முடியாது. ஆனால் மனம் மாறியதற்காகத் திருப்பும் உரிமையை இச்சட்டம் தரவில்லை. அது கடைக்காரரோ சந்தை நிறுவனமோ தாமாகத் தரும் சலுகையே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை நெறிமுறை, இணையத்தில் வாங்கும் பெரும்பாலான பொருள்களைக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்ப அனுமதிக்கிறது. ஆனால் கடையில் பார்த்துச் சோதிக்கும் அளவைத் தாண்டிப் பயன்படுத்தி, அதனால் பொருளின் மதிப்புக் குறைந்தால், அந்தக் குறைவுக்கு வாங்கியவரே பொறுப்பு என்றும் அது சொல்கிறது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இதே நியாயத்தை நம் மார்க்கத்திலும் காண்போம்.

ஷரீஅத் தந்துள்ள உரிமைகள்

வியாபாரத்தை முறித்துக் கொள்ளும் உரிமைக்கு 'கியார்' என்று பெயர். பிக்ஹு கிதாபுகளில் இதற்கெனத் தனிப் பாடமே உண்டு. நமக்கு வேண்டியவற்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலாவது, கியாருல் மஜ்லிஸ். பேரம் முடிந்தாலும் அந்த இடத்தைவிட்டுப் பிரியும்வரை இருவருக்கும் முறிக்கும் உரிமை உண்டு. ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு இது. ஹனபி மத்ஹபில், ஈஜாபும் கபூலும் நிறைவேறியதும் வியாபாரம் உறுதியாகிவிடும். இதற்கு ஆதாரமான ஹதீஸில், இருவரும் உண்மை சொல்லிக் குறையை வெளிப்படுத்தினால் பரக்கத் உண்டாகும், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். எச்சரிக்கை விற்பவருக்கு மட்டுமல்ல, இருவருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, கியாருஷ் ஷர்த். நிபந்தனை பேசிப் பெறும் உரிமை. ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்னும் ஸஹாபி தலையில் காயம்பட்டதால் பேரத்தில் அடிக்கடி ஏமாந்து போவார். ஏமாற்றுக்கு இடமில்லை என்று பேரத்தின்போதே சொல்லிக் கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அவருக்குக் கற்றுக் கொடுத்து, மூன்று நாள் அவகாசமும் அளித்தார்கள். இமாம் அபூஹனீபா (ரஹ்), இமாம் ஷாபிஈ (ரஹ்) இருவரும் மூன்று நாளையே எல்லையாகக் கொள்கிறார்கள். இமாம் அபூயூசுப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோர் இருவரும் பேசிக் குறித்த காலம் அதைவிட நீண்டாலும் ஆகும் என்கிறார்கள்.

மூன்றாவது, கியாருர் ருஃயத். காணாமல் வாங்கியதைக் கண்டபின் முடிவு செய்யும் உரிமை. இது ஹனபி மத்ஹபில் உண்டு. உஸ்மான் (ரலி) அவர்கள் பஸராவிலுள்ள தம் நிலத்தைத் தல்ஹா (ரலி) அவர்களுக்கு விற்றார்கள். இருவருமே அதைக் கண்டிருக்கவில்லை. முறிக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கில், வாங்கிய தல்ஹாவுக்கே என்று ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) தீர்ப்பளித்தார்கள். ஷாபிஈ மத்ஹபில், காணாத ஒரு குறிப்பிட்ட பொருளை வாங்குவது கூடாது. ஆனால் தன்மைகளைத் தெளிவாக விவரித்து, அத்தகைய பொருளைத் தருவதாகப் பொறுப்பேற்று விற்பது ஆகும். விவரித்ததற்கு மாறாக வந்தால் வாங்கியவர் ஏற்க வேண்டியதில்லை.

நான்காவது, கியாருல் ஐப். பழுதுக்காகத் திருப்பும் உரிமை. இதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் பழுதைக் கண்ட பிறகும் பயன்படுத்தினால் அது பொருந்திக் கொண்டதற்கு அடையாளமாகும். வாங்கியவர் கையில் புதிதாக ஒரு பழுது உண்டானால், விற்றவர் இசைந்தாலன்றித் திருப்ப முடியாது. பழைய பழுதுக்குரிய ஈட்டைத்தான் கேட்கலாம்.

பாலுக்கும் பதில் உண்டு

மடியில் பாலைக் கறக்காமல் கட்டி வைத்து, நிறையப் பால் தரும் ஆடு என்று காட்டி விற்பது அக்காலத்தில் நடந்த ஒரு மோசடி. பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் கறந்து பார்த்தபின் வைத்துக் கொள்ளலாம். அல்லது திருப்பிக் கொடுக்கலாம். திருப்பினால் ஆட்டோடு ஒரு ஸாவு பேரீச்சம்பழமும் கொடுக்க வேண்டும் என்று பணித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸின்படியே ஷாபிஈ மத்ஹபில் சட்டம் அமைந்துள்ளது. ஹனபி இமாம்கள் வேறு ஆதாரங்களால் இந்த அளவைச் சட்டமாகக் கொள்ளவில்லை.

சட்டத்தின் விவரம் எப்படியிருப்பினும், இதிலுள்ள படிப்பினையைச் சிந்தியுங்கள். இங்கே மோசடி செய்தவர் விற்றவர், ஏமாந்தவர் வாங்கியவர். அப்படியிருந்தும், கறந்து குடித்த பாலுக்குப் பதில் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லப்படுகிறது! மோசடிக்காரனிடமிருந்து கூட இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதியில்லை. அப்படியானால், எந்தத் தவறும் செய்யாத ஒரு வியாபாரியிடம் பெருநாளைக்கென்று உடை வாங்கி, விலைச்சீட்டை உள்ளே மறைத்து உடுத்தி, மூன்றாம் நாள் 'அளவு சரியில்லை' என்று திருப்பி அனுப்புபவர் கறந்த பாலுக்கு எந்தப் பதிலைக் கொடுத்தார்?

பணம் திரும்பி வந்ததால் ஹலாலாகுமா?

'நான் கேட்டேன், நிறுவனம் ஏற்றுக்கொண்டு பணம் தந்துவிட்டது, எனக்கென்ன குற்றம்?' என்று சிலர் கேட்கலாம். வழக்கில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை உடையவராக இருக்கலாம். கேட்டதை வைத்து நான் தீர்ப்பளித்து, அவருடைய சகோதரரின் உரிமை அவருக்குப் போய்விட்டால், நான் கொடுத்தது நெருப்பின் ஒரு துண்டே என்ற கருத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பே பொய்யனுக்குப் பிறர் பொருளை ஹலாலாக்காது என்றால், ஒரு கம்பெனியின் கணினி தரும் தீர்ப்பு எப்படி ஹலாலாக்கும்?

வாதிப்பவரே ஆதாரம் தரவேண்டும், மறுப்பவர் மீது சத்தியம் என்பது ஷரீஅத்தின் பொது விதி. பழுது பழையதா, வாங்கியவர் கையில் உண்டானதா என்று ஐயம் எழுந்து, வாங்கியவரிடம் ஆதாரம் இல்லையென்றால், சத்தியம் செய்யும் விற்றவரின் சொல்லே ஏற்கப்படும். இணையச் சந்தையிலோ பெரும்பாலும் வாங்கியவரின் சொல் முதலில் ஏற்கப்படுகிறது. முகம் காணாத வியாபாரத்தில் வாங்குவோருக்கு நம்பிக்கை பிறக்கவே இப்படி அமைத்திருக்கிறார்கள். நம் சொல்லை ஆதாரமின்றி நம்புகிறார்கள் என்றால் அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமல்லவா?

விற்போரின் பொறுப்பு

விற்போரும் தம்மைச் சோதித்துப் பார்க்கவேண்டும். தானியக் குவியலில் பெருமானார் (ஸல்) அவர்கள் கையைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழை பட்டுவிட்டது என்றார் உரியவர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். துணியின் சாயம் போகும் என்பதை எழுதாமல் விடுவதும், விளக்கொளியில் நிறத்தை மாற்றிக் காட்டுவதும் இந்த ஈரத்தை மறைப்பதே. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, பழுதுள்ள துணியைப் பழுதைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். அதை அறிந்த இமாமவர்கள் அந்த வருவாயைத் தர்மம் செய்துவிட்டார்கள்.

மேலும், வருந்தும் வாங்கியவருக்காக வியாபாரத்தை முறித்துத் தருவது 'இகாலா' எனப்படும். அது கடமையல்ல, ஆயினும் அப்படிச் செய்பவரின் தவறுகளை அல்லாஹ் மன்னிப்பான் என்ற நற்செய்தி ஹதீஸில் வந்துள்ளது. எனவே மனமுவந்து தரும் சலுகையும் நன்மையாகும். அதைப் பொய் சொல்லிப் பறிப்பதுதான் பாவமாகும்.

நடைமுறையில் பேண வேண்டியவை

1. வாங்குமுன் அளவு, துணி, நிறம், திருப்பும் விதி அனைத்தையும் படித்துப் பாருங்கள். பார்த்துவிட்டுத் திருப்பலாம் என்ற எண்ணத்தோடு நாலு அளவுகளை வரவழைப்பது விற்பவரைச் சிரமப்படுத்தும்.

2. சரக்கு வந்ததும் தாமதிக்காமல் சோதியுங்கள். பழுது கண்டால் உபயோகிக்காமல் உடனே தெரிவியுங்கள்.

3. காரணத்தைக் குறிக்கும்போது உண்மையையே குறியுங்கள். மனம் மாறியிருந்தால் 'மனம் மாறியது' என்றே சொல்லி, கூலி உங்களைச் சேர்ந்தால் கொடுத்துவிடுங்கள்.

4. திருப்பும்போது வந்தது வந்தபடியே போகட்டும். உடுத்தியதையும், உபயோகித்ததையும், பழைய பொருளை மாற்றி வைத்ததையும் அனுப்புவது ஹராம்.

5. வீட்டு வாசலில் பணம் கொடுப்பதாகச் சொல்லி வரவழைத்துவிட்டு, காரணமின்றி வாங்க மறுக்காதீர்கள். போய்வரும் கூலி யாரோ ஒருவர் தலையில் விழுகிறது.

6. விற்போர், குறையை முன்னரே எழுதுங்கள்; பழுதென்று தெரிந்தால் வாதாடாமல் பணத்தைத் திருப்புங்கள். ஒருவர் ஏமாற்றினார் என்பதற்காக அடுத்தவரை ஏமாற்றக் கூடாது.

7. முன்பு பொய் சொல்லித் திருப்பியது நினைவிலிருந்தால், தௌபா மட்டும் போதாது. இது ஹக்குல் இபாத். உரியவருக்கு அந்த நஷ்டத்தைச் சேர்ப்பிக்க வேண்டும், அல்லது அவரிடம் மன்னிப்புப் பெற வேண்டும். உரியவரைக் கண்டறிய இயலாதபோது என்ன செய்வது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்று, கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு உண்டு என்று திருக்குர்ஆனின் முதஃப்பிஃபீன் அத்தியாயம் எச்சரிக்கிறது. தராசு பிடித்தவருக்கு மட்டும் உரிய எச்சரிக்கை என்று அதை நினைத்துவிடக் கூடாது. தன் உரிமையை முழுதாகக் கேட்டு, பிறர் உரிமையில் குறைவைக்கும் எவருக்கும் அது பொருந்தும். வாங்கும் கையாயினும் விற்கும் கையாயினும், நாளை மறுமையில் கணக்குச் சொல்லும் கை அதுவே.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி, ஹலாலான வருவாயில் பரக்கத்தைப் பொழிவானாக! ஆமீன்.