வால்வை மாற்றும் முன் இதயத்தை அளக்கும் ஸ்கேன்

எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் பள்ளிவாசல் மாடிப்படி நான்கு ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்கிறார். சில நேரம் நெஞ்சை அழுத்துகிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. எக்கோ எடுத்துப் பார்த்த மருத்துவர், அயோர்ட்டிக் வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். கையோடு ஒரு சி.டி. ஸ்கேனுக்கும் எழுதித் தருகிறார். எக்கோவிலேயே நோய் தெரிந்துவிட்டதே, இன்னொரு ஸ்கேன் எதற்கு என்று பல குடும்பங்கள் இங்கேதான் தயங்குகின்றன. செலவும் கூடுகிறது, மருத்துவமனை மேல் சந்தேகமும் வருகிறது. இந்த ஸ்கேனைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகம் வேண்டாம்.

அயோர்ட்டிக் வால்வு என்பது இதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் ரத்தம் புறப்படும் வாசல். அதற்கு மூன்று மெல்லிய இதழ்கள். வயதாக ஆக அவற்றில் கால்சியம் படிந்து, துருப்பிடித்த கதவு போல முழுதாகத் திறக்காமல் போகிறது. நூற்றில் ஒருவர், இருவருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்கள்தான். அவர்களுக்கு இந்தச் சுருக்கம் சீக்கிரமே வரும்.

நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையில், மருத்துவர் பழைய வால்வை வெட்டி எடுத்துவிட்டு, அளவு பார்க்கும் கருவியை வளையத்துக்குள் நேரில் வைத்துப் பார்த்துப் புது வால்வைத் தைப்பார். நம் ஆழ்வார்பேட்டை டி.டி.கே. சாலைக்குப் பெயர் தந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி தொடங்கிய குழுமத்துக்கு இதில் பங்குண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட 'சித்ரா' செயற்கை வால்வைத் தயாரித்து விற்பது அந்தக் குழுமம்தான். அதைப் பொருத்திக்கொண்டவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டும்.

2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் டாக்டர் அலைன் கிரிபியே வேறு வழி காட்டினார். தொடை ரத்தக் குழாய் வழியாக, மடக்கிய வால்வை இதயம் வரை கொண்டுபோய் விரிப்பது. இப்போது 'டாவி' என்று சென்னையிலும் செய்கிறார்கள். இதில் நெஞ்சைத் திறப்பதில்லை. பழைய வால்வை எடுப்பதும் இல்லை, புதியது அதை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்காரும். மருத்துவர் அந்த இடத்தை நேரில் பார்க்கவே போவதில்லை. அவருக்குக் கண்ணும் அளவுகோலும் சி.டி. ஸ்கேன்தான்.

வால்வு வளையம் வட்டமாக இருக்கும் என்று நாம் நினைப்போம். பெரும்பாலோருக்கு அது முட்டை வடிவம். ஒருவருக்குக் குறுக்கே 21 மி.மீ., நெடுக்கே 26 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாதாரண எக்கோ ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து 21 என்று சொல்லிவிடலாம். சி.டி.யில் முழுப் பரப்பையும் கணக்கிட்டால் அது 23 மி.மீ.க்கு மேல் உள்ள வட்டத்துக்குச் சமம். 21-ஐ நம்பிச் சிறிய வால்வு வைத்தால் ஓரத்தில் ரத்தம் கசியும், இடம் நகரவும் கூடும். தேவைக்கு மேல் பெரியதை வைத்தால் வளையமே கிழியலாம். அது உயிருக்கு ஆபத்து. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று விட முடியாத இடம் இது.

வளையத்துக்கு மேலே, இதயத் தசைக்கே ரத்தம் தரும் கரோனரி குழாய்களின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளப்பார்கள். 10 மி.மீ.க்குக் குறைவென்றால், ஓரம் தள்ளப்பட்ட பழைய இதழ் அந்த வாயை அடைத்துவிடும் பயம் உண்டு. பெண்களுக்குப் பொதுவாக வளையமும் சிறியது, இந்த உயரமும் குறைவு. கால்சியம் எங்கே கட்டியாக இருக்கிறது, தொடைக் குழாய் வால்வு நுழையும் அளவுக்கு அகலமா என்பதும் இதிலேயே தெரியும். சிலருக்கு இந்த அளவுகளைப் பார்த்த பிறகு, அறுவை சிகிச்சையே நல்லது என்று முடிவு மாறுகிறது.

எந்த நிறுவனத்தின் வால்வு என்பதையும் இந்த அளவுகள் பாதிக்கும். குஜராத்தில் மெரில் நிறுவனம் தயாரிக்கும் 'மைவால்' 20 முதல் 32 மி.மீ. வரை, ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் கிடைக்கிறது. 'சேப்பியன்' போன்றவற்றில் இடைவெளி சுமார் 3 மி.மீ. இவை இரண்டும் மாட்டின் இதய உறையிலிருந்து செய்தவை. 'எவோலுட்' வால்வு பன்றியின் இதய உறையிலிருந்து செய்தது. இதைப் பற்றி நம் வீடுகளில் கேள்வி எழும். ஸ்கேன் முடிவு வந்த அன்றே, என் வளையத்துக்கு எந்தெந்த வால்வு பொருந்தும், அது எதனால் ஆனது என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாற்று இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். இல்லையென்றால் நம்பிக்கையான ஆலிமிடம் நிலைமையைச் சொல்லி விளக்கம் பெறவும் நேரம் இருக்கும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்திவிட்டு யோசிக்கும் விஷயம் அல்ல இது.

ஸ்கேனுக்குப் போகும் முன் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை அவசியம். ஊசி வழியாகச் செலுத்தும் 'டை' மருந்து, ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாங்களாகவே நிறுத்த வேண்டாம். முன்பு டை போட்டு அரிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ரமலானில் தேதி கொடுத்தால், நோன்பைப் பற்றியும் தண்ணீர் குடிப்பதைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மேசையில் படுத்தபின் சில நொடி மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். பெரியவரை வீட்டிலேயே இரண்டு முறை பழக்கிவிட்டால் படம் தெளிவாக வரும்.

செலவு லட்சக்கணக்கில் வரும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் வால்வு அறுவை சிகிச்சைக்குப் பயன்படும்; டாவிக்கு என்ன கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் சென்டர் மயிலாப்பூரோ, தி. நகரோ, அடையாறோ, ரிப்போர்ட் காகிதத்தோடு கிளம்பிவிடாதீர்கள். படங்கள் முழுவதும் உள்ள சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போனால், அவர் காகிதத்தில் உள்ள எண்ணை வைத்து முடிவெடுக்க மாட்டார், அந்தப் படங்களில் தாமே மறுபடி அளப்பார். தட்டு கையில் இல்லாவிட்டால் பெரியவருக்கு மறுபடியும் டை, மறுபடியும் செலவு.