டெஸ்ட் கேஸ்கள் எக்செலுக்குப் போய்த் திரும்பும்போது

டெஸ்ட்ரெயில் போன்ற கருவியிலிருந்து டெஸ்ட் கேஸ்களை இறக்கி, எக்செலில் திருத்தி, மறுபடி ஏற்றுபவரா நீங்கள்?

1. இறக்கிய சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்செலின் 'டேட்டா' மெனு வழியாக உள்ளே எடுத்து, ஐடி, வெர்ஷன் நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் 007 வெறும் 7 ஆகும், 3-4 தேதியாகிவிடும். அப்படியே சேவ் செய்துவிட்டால் அந்த ஃபைலில் பழையது திரும்பாது.

2. மெர்ஜ் செய்த செல்களைப் பிரித்து ஒவ்வொரு வரியையும் நிரப்புங்கள். மெர்ஜ் செய்தால் பார்க்க அழகுதான், ஆனால் தலைப்பு முதல் வரியில் மட்டும் இருக்கும்; மற்ற ஸ்டெப்கள் அநாதையாக நிற்கும்.

3. சேவ் செய்யும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' தேர்ந்தெடுங்கள். சாதா சிஎஸ்வியில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிதான்.

4. ஐடி நெடுவரிசையில் கை வைக்காதீர்கள். அது இல்லாமல் ஏற்றினால் பழைய கேஸ் திருந்தாது, பக்கத்திலேயே இன்னொன்று முளைக்கும். வெள்ளிக்கிழமை மாலை இரட்டைகளை ஒவ்வொன்றாக அழித்த அனுபவம் எனக்கு உண்டு.

5. ஸ்கிரீன்ஷாட்களைத் தனியாக எடுத்து வையுங்கள். சிஎஸ்வியில் படம் ஏறாது.

6. முதலில் ஐந்தே கேஸ்களை ஏற்றிப் பாருங்கள். அதில் ஒன்றாவது ஒரே செல்லுக்குள் பல வரி ஸ்டெப் உள்ளதாக இருக்கட்டும். தகராறு பெரும்பாலும் அங்கேதான் வரும்.