ஆறு பேட்மேனுக்கு ஒரே விமர்சனம் எழுதுவது எப்படி?

விமர்சனம் எழுதிப் பழகும் நண்பர்கள் சிலர் கேட்டதால் ஒரு சனிக்கிழமை 'பேட்மேன்: கோதம் நைட்' போட்டுக் காட்டினேன். மறுவாரம் கையில் வந்த கட்டுரைகளில் முக்கால்வாசி ஒரே அச்சு: முதல் கதைக்கு ஏழு மார்க், இரண்டாவதுக்கு ஐந்து, மூன்றாவதுக்கு ஆறு, எல்லாவற்றையும் கூட்டி ஆறால் வகுத்து 'சுமார்'. பள்ளிக்கூட ரேங்க் கார்டு கூட இதைவிடச் சுவாரசியமாக இருக்கும். அன்றைக்கு அவர்களிடம் வாய் வலிக்கச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். பல குறும்படங்களைத் தொகுத்த சூப்பர்ஹீரோ அனிமேஷன் ஆந்தாலஜி எதுவானாலும் இதே வழிதான்.

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம். 2008 ஜூலையில், 'தி டார்க் நைட்' தியேட்டருக்கு வர பத்து நாள் இருக்கும்போது, நேராக டிவிடியில் வெளியானது. சுமார் 75 நிமிடம், ஆறு குறும்படங்கள். கதைகளை எழுதியவர்கள் அமெரிக்கர்கள். படமாக்கியவை ஸ்டுடியோ 4°சி, புரொடக்‌ஷன் ஐ.ஜி., பீ டிரெயின், மேட்ஹவுஸ் என்ற நான்கு ஜப்பானிய ஸ்டுடியோக்கள். 2003இல் 'தி அனிமேட்ரிக்ஸ்' என்ற ஆந்தாலஜி போட்டுக் கொடுத்த பாதை இது. ரத்தம் உண்டு, பிஜி-13 சான்றிதழ். கார்ட்டூன்தானே என்று குட்டிப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.

பார்ப்பது: ஒரே மூச்சில், போட்ட வரிசையில், இரண்டு தடவை. துண்டு துண்டாக யூடியூபில் மேய்ந்துவிட்டு எழுதுபவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

முகத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். "புரூஸ் வெய்ன் ஒவ்வொரு கதையிலும் வேற வேற ஆள் மாதிரி இருக்கார் சார்" என்பது, பேட்மேனின் நிஜ முகத்தைப் பற்றி நான் கேட்ட முதல் புகார். மூன்றாவது கதையில் அவர் மீசை முளைக்காத கல்லூரிப் பையன் மாதிரித்தான் இருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் முதல் கதையைக் கவனியுங்கள். ஸ்கேட்போர்டு ஓட்டும் பிள்ளைகள் தாங்கள் பார்த்த பேட்மேனை மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். ஒருவருக்கு அவர் நிழல், ஒருவருக்கு நிஜமாகவே பாதி வௌவால், ஒருவருக்கு ரோபோ. கடைசியில் எதிரே வந்து விழுபவர் அடிபட்டு மூச்சு வாங்கும் ஒரு மனிதர். 1973இல் காமிக்ஸில் வந்த பழைய உத்தி இது. 1998இல் தொலைக்காட்சித் தொடரிலும் வந்துவிட்டது. புதுசு இல்லை என்று மார்க்கைக் குறைக்காதீர்கள். முகம் மாறத்தான் போகிறது என்று படம் வாசலிலேயே சொல்லிவிடுகிறது. மாறாதது குரல். 1992 முதல் பேட்மேனாகப் பேசி வந்த கெவின் கான்ராய்தான் ஆறிலும் பேசுகிறார்.

அசைவை மதிப்பிட ஒரு குறுக்கு வழி: ஒவ்வொரு கதையிலும் மூன்று நிமிடம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும் ஜப்பானிய அனிமேஷனில் பெரும்பாலும் ஒரே ஓவியம் இரண்டு மூன்று ஃபிரேமுக்கு நிற்கும். 'வெட்டி வெட்டி ஓடுகிறது' என்று எழுதுவதற்கு முன், மிச்சம் பிடித்த உழைப்பை எந்த ஷாட்டில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். எங்கும் கொட்டவில்லை என்றால் தாராளமாகத் திட்டுங்கள்.

இனி எல்லோரும் வழுக்கி விழும் இடம். ஆறு கதையையும் கட்டுகிற கயிறு எது? கதாநாயகன் ஒருவரே என்பது கயிறு ஆகாது, அது விளம்பரம். பார்த்து முடித்ததும் குறிப்பேட்டை மூடிவிட்டு, திரும்பத் திரும்ப வந்த ஒரு பொருளை மட்டும் எழுதுங்கள். இந்தப் படத்தில் நான் எழுதியது: தோட்டா.

'கோதம் கதையில் தோட்டா இல்லாமல் இருக்குமா?' என்று உடனே கேட்டான் ஒரு தம்பி. நல்ல கேள்வி. சும்மா வந்து போகும் பொருளையும் கயிறையும் பிரிக்க ஒரு சோதனை உண்டு: ஒவ்வொரு தடவை வரும்போதும் அதன் அர்த்தம் மாறுகிறதா? மூன்றாவது கதையில் புரூஸின் கம்பெனிக்காரர் லூசியஸ் ஃபாக்ஸ் தோட்டாவைத் திருப்பிவிடும் கருவி ஒன்று செய்து தருகிறார். அது திருப்பிய தோட்டா எதிராளி ஒருவன் மீது பாய்கிறது. பேட்மேன் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். பணயம் வைக்கத் தன் உயிர் மட்டும் போதும் அவருக்கு. ஐந்தாவதில் தோட்டா அவர் உடம்புக்குள்ளேயே. வலியைத் தாங்க இந்தியாவில் கசாண்ட்ரா என்ற பெண்ணிடம் கற்றதை நினைத்துக்கொண்டே சாக்கடையிலிருந்து ஏறி வருகிறார். முடிவில் குப்பையில் கிடந்த துப்பாக்கிகள் கை நிறைய. அவர் வீட்டுப் பட்லர் ஆல்ஃபிரட் கையை நீட்டுகிறார், இவரால் அவற்றைக் கீழே போட முடியவில்லை. பெற்றோரைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த பிள்ளை அவர் என்பதைத் தனியே சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆறாவதில் கூலிக்கொலைகாரன் டெட்ஷாட்டுக்குத் தோட்டா கைத்தொழில். அர்த்தம் மாறிக்கொண்டே போகிறது, ஆகவே கயிறுதான்.

(அந்த இந்தியா, ஃபக்கீர்கள் சகிதம் மேற்கத்தியர்களின் பழைய காலண்டர் இந்தியா. எனக்கும் எரிச்சல்தான். இரண்டு வரி எழுதிவிட்டு நகருங்கள். அதையே முழுக் கட்டுரையாக்கினால் அந்தக் கடைசிக் காட்சி கைநழுவிப் போகும்.)

கயிறு கிடைத்ததும் ஒவ்வொரு கதையாக மனதில் உருவிப் பாருங்கள். இரண்டாவதை முதலில் போலீஸ் வளவள என்று ஒதுக்கினேன். இரண்டு கும்பல்களின் தோட்டாக்களுக்கு நடுவே மாட்டும் போலீஸ்காரர்களில் ஒருவருக்குப் பேட்மேன் மீது நம்பிக்கையே இல்லை; துப்பாக்கியே எடுக்காமல் நெருப்புக்குள்ளிருந்து அவர்களைக் காப்பாற்றுகிறார் பேட்மேன். உருவினால் கயிறு தொய்கிறது, ஆகவே இருக்கட்டும். நான்காவதில் வில்லன்கள் கில்லர் குரோக், ஸ்கேர்குரோ, பாதாளச் சாக்கடை என எல்லாம் மேட்ஹவுஸின் கைவண்ணத்தில் பார்க்க அழகு. ஆனால் உருவினால் ஒன்றும் ஆகவில்லை. அழகான ஓட்டை என்று எழுதினேன்.

எழுதும்போது கதைக்கு ஒரு பத்தி என்று ஆறு பத்தி போடாதீர்கள். இரண்டு கதைகளை விரிவாக, மற்றவற்றை ஓரிரு வரியில். நட்சத்திரம் கொடுக்கவே கூடாது, ஆசிரியர் கேட்டாலும்.

என் தீர்ப்பு: ஐந்தாவது கதைக்காகவே படத்தை வாங்கலாம். ஆறாவது, ஐந்தாவது வாய் திறக்காமல் காட்டியதை ஆல்ஃபிரடிடம் பேசிப் பேசியே கரைத்துவிடுகிறது. இல்லை, ஆறாவதுதான் உசத்தி என்பீர்களானால் வாருங்கள், சண்டை போடலாம். எந்த ஷாட்டை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.