பட்டாளத்தில் இருந்தபடியே பட்டம்

அக்னிவீராகச் சேரும் உசிலம்பட்டித் தம்பிகள் படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். பணி 4 ஆண்டுதான், அதன்பின் நிரந்தரமாவோர் 25 சதவீதம் வரைதான். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அக்னிவீர் பட்டப்படிப்பில் சேருங்கள்: பாதி கிரெடிட் படைப் பயிற்சிக்கே கிடைப்பதால், ‘டியூட்டிக்கு நடுவே படிக்க ஏது நேரம்?’ என்ற கேள்வியில் பாதி அடிபட்டுப்போகிறது. ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிளம்பும் முன்பே திருத்துங்கள்; எல்லையிலிருந்து இ-சேவை மையத்துக்கு அலைய முடியாது. பிறகு கிரெடிட்களைச் சேமிக்கும் ஏபிசி எண், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்கான டெப் எண் இரண்டையும் எடுங்கள். தொலைநிலை, இணையவழிச் சேர்க்கைக்கு இவை கட்டாயம்.

தபால் டிகிரிக்கு மதிப்பில்லை என்பார்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் கல்லூரிப் பட்டமும் சமம் என்று யுஜிசி 2022-லேயே அறிவித்துவிட்டது. ‘ஆறே மாதத்தில் டிகிரி’ என்பவரிடம் மட்டும் பணம் கட்டாதீர்கள். அந்தக் காகிதம் எந்த வேலைக்கும் செல்லாது. சந்தேகமிருந்தால் இக்னோவின் மண்டல மையம் மதுரையிலேயே இருக்கிறது.