அண்டை வீட்டாரை அறிந்த ரூட்டர்

பொன்மலை ரயில் நிலையத்தை நீங்கள் பார்த்ததுண்டா? தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வரும் தடமும், ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்து வரும் தடமும் இங்கே சேர்ந்து திருச்சி சந்திப்புக்குச் செல்கின்றன.

ரயில்வேயில் நெடுங்காலமாக ஒரு முறை உண்டு. அடுத்த நிலையத்திடம் 'லைன் கிளியர்' கேட்டுப் பெற்ற பிறகே நிலைய அதிபர் வண்டியை அனுப்புவார். வண்டி சென்னைக்கே போகட்டும். அவர் பேசுவது அண்டை நிலையத்தோடு மட்டும்தான். இணையமும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகிறது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ரெயில்டெல் நிறுவனம் தண்டவாளத்தின் ஓரமாகவே ஒளியிழை வடங்களைப் பதித்து இணையத் தகவலை அனுப்புகிறது!

இரு பக்கமும் ஒப்புதல்

இணையம் ஒரே வலை அன்று. பல்லாயிரம் தனி வலைகளின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அவற்றின் எல்லையில் நின்று வழிகாட்டும் கருவியே ரூட்டர். எல்லை ரூட்டர்கள் தமக்குள் பேசும் மொழிக்கு பி.ஜி.பி. என்று பெயர். 1989 ஜனவரியில், அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கிர்க் லாஹீட், யாக்கோவ் ரெக்டர் என்ற பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்த கை துடைக்கும் தாள்களில் இதன் முதல் வரைவை எழுதினார்கள்.

ரூட்டர் தானாக அண்டையைத் தேடிப் பிடிக்காது. பொறியாளர்தான் எழுதி வைக்க வேண்டும்: "என் அண்டையின் முகவரி 192.0.2.2, அதன் வலை எண் 65002." எதிர்ப்பக்கத்திலும் இவருடைய முகவரியும் எண்ணும் எழுதப்பட வேண்டும். ஒரு பக்கம் எண் தவறினாலும் பேச்சு தொடங்காது. தொடங்கிய பின், "இருக்கிறேன்" என்ற சிறு செய்தி அவ்வப்போது போய்வரும். வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் 90 விநாடிக்குள் எந்தச் செய்தியும் வராவிட்டால், அண்டை போய்விட்டது என்று கருதி, அது சொன்ன வழிகளையெல்லாம் ரூட்டர் நீக்கிவிடும்.

குழுவாகச் சேர்த்தால்

ஒரு ரூட்டருக்கு 20 அண்டைகள், ஒவ்வொன்றுக்கும் 5 விதிகள் என்று கொள்வோம். மொத்தம் 100 வரிகள்! விதிகள் ஒன்றாகவே இருந்தால், ஒரு குழுவுக்குப் பெயரிட்டு 5 விதிகளை ஒருமுறை எழுதலாம். பிறகு அண்டைக்கு ஒரு வரியாக 20 பேரையும் அதில் சேர்க்கலாம். 25 வரிகளில் வேலை முடிந்தது. இதுவே 'பியர் குழு'. ரூட்டருக்கும் இதனால் மிச்சம் உண்டு. வெளியே சொல்லும் செய்தியை ஒருமுறை தயாரித்து, குழுவினர் அனைவருக்கும் நகல் அனுப்பிவிடலாம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். குழு விதியில் நேரும் ஒரே பிழை 20 பேரையும் பாதிக்கும்.

நம்பலாம், சோதிக்கவும் வேண்டும்

விதிகளில் முக்கியமானது வடிகட்டி. "இந்த அண்டை இந்த முகவரிகளை மட்டுமே சொல்லலாம்" என்பது அதன் பொருள். அது இல்லாவிட்டால் என்ன ஆகும்?

2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்க முயன்றார்கள். பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் 256 முகவரிகளுக்குத் தன்னிடம் வழி இருப்பதாக அறிவித்தது. நாட்டுக்குள்ளேயே நிற்க வேண்டிய அந்தச் செய்தி வெளியே கசிந்தது. ஹாங்காங்கிலிருந்த அண்டை நிறுவனம் அதை வடிகட்டாமல் உலகுக்குச் சொல்லிவிட்டது. யூடியூப் அறிவித்திருந்ததோ 1,024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதி. சிறிய தொகுதியைக் குறிப்பாகச் சொல்லும் வழியையே ரூட்டர் தேர்ந்தெடுக்கும். ஆகவே உலகின் பல பகுதிகளில் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் தெரியவில்லை.

செய்து பாருங்கள்

ஐந்து நண்பர்கள் வரிசையாக நில்லுங்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரோடு மட்டுமே பேசலாம். கடைசி நண்பரின் வீட்டுக்கு வழி தன்னிடம் இருப்பதாக நடுவில் நிற்பவர் பொய் சொல்லட்டும். முதல் நண்பரின் கடிதம் எங்கே போய்ச் சேருகிறது? அதைத் தடுக்க யார் என்ன விதி வைத்திருக்க வேண்டும்? எழுதிப் பாருங்கள்!