நக்கிள்பால் வீசப் பழகுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பேஸ்பாலில் பிட்சர் வீசும் பந்துகளில் பெரும்பாலானவை சுழற்சியை நம்பியவை. நக்கிள்பாலுக்கோ சுழலாமல் போவதுதான் பலம். மேஜர் லீக்கில் ஃபாஸ்ட்பால் மணிக்கு 95 மைல் வேகத்தைச் சாதாரணமாகத் தொடும். நக்கிள்பால் 70 மைலை ஒட்டியே வரும். ஆனாலும் பிட்சர் ஃபில் நீக்ரோ இதை நம்பியே 318 ஆட்டங்கள் வென்றார். ஆர்.ஏ. டிக்கி 2012-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியதும் இதனால்தான்.

பந்து ஏன் ஆடுகிறது?

சுழலாத பந்தில் மேலெழும்பிய தையல் காற்றோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் குலைக்கும். பந்து மெல்லத் திரும்பும்போது தையலின் இடம் மாறும். அது விலகும் திசையும் மாறும். எந்தப் பக்கம் போகும் என்பது வீசியவருக்கே தெரியாது. அதனால் தையல் நன்றாக எழும்பிய தோல் பந்திலேயே பழகுங்கள், ரப்பர் பந்து உதவாது.

பிடி

பெயரில் விரல் மூட்டு இருந்தாலும், பெரும்பாலோர் பிடிப்பது நகத்தால். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நுனியையும் குதிரை லாட வடிவத் தையலுக்குச் சற்றுக் கீழே, தோலில் ஊன்றுங்கள். கட்டைவிரல் அடியில், மோதிரவிரல் பக்கவாட்டில். உள்ளங்கை பந்தில் படக் கூடாது.

நகத்தை ஒரே மட்டமாக அராவி வைத்துக்கொள்ளுங்கள். அரத்தை மட்டும் மைதானத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், பந்தைச் சுரண்டத்தான் என்று சந்தேகிப்பார்கள். ஃபில்லின் தம்பி ஜோ நீக்ரோ 1987-இல் ஆட்டத்தின் நடுவே அம்பயர்களிடம் அரத்தோடு சிக்கினார். நகத்துக்குத்தான் என்று சொல்லிப் பார்த்தார். 10 நாள் தடைதான் கிடைத்தது.

விடுவிப்பு

கடினமான இடம் இதுதான். மணிக்கட்டை விறைப்பாக வைத்து, பந்தை நேராக முன்னே தள்ளுங்கள், சுண்டாதீர்கள். இரண்டு விரல்களும் ஒரே கணத்தில் விலக வேண்டும். வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், முக்கால் பலம் போதும்.

முதலில் 30 அடி தூரத்தில் ஒரு துணையோடு பழகுங்கள். பந்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் சுழற்சி கண்ணுக்குத் தெரியும். பின்னோக்கிச் சுழன்றால் மணிக்கட்டு மடங்குகிறது. முன்னோக்கி உருண்டால் விரல்கள் பந்தின் மேற்பக்கத்தை அதிகமாகத் தள்ளுகின்றன. பக்கவாட்டில் சுழன்றால் ஒரு விரல் முந்துகிறது. கோடு ஏறக்குறைய அசையாமல் நின்ற பிறகே, 60 அடி 6 அங்குலம் என்ற முழுத் தூரத்துக்குப் போங்கள்.

பிடிப்பவரை மறக்காதீர்கள்

கேட்சருக்குப் பெரிய கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். நக்கிள்பால் பிட்சர் டிம் வேக்ஃபீல்டின் பந்தைப் பிடிக்கப் புதிய கேட்சர் திணறியதால், பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2006-இல் பழைய கேட்சர் டக் மிராபெல்லியை வேறு அணியிடமிருந்து திரும்ப வாங்கியது. ஆட்ட நேரத்துக்குள் வந்துசேர, விமான நிலையத்திலிருந்து போலீஸ் துணையோடு அழைத்துவந்தார்கள்!

எப்போது ஆட்டத்தில் வீசலாம்?

பயிற்சியில் பெரும்பாலான பந்துகள் சுழலாமல் வரும்வரை வேண்டாம். சுழன்றுவிட்ட நக்கிள்பால் வெறும் மெதுவான பந்து. எந்த பேட்டரும் அதை வேலிக்கு வெளியே அடித்துவிடுவார்.